நிரூபிக்கட்டும் என்பது பதில் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஊழல் புகாரில் சிக்கும் தலைவர்கள், எந்தக் கட்சியாக இருந்தாலும், சொல்வது ஒன்றுதான்: "வழக்கைச் சட்டப்படி சந்திப்பேன். முதலில் நிரூபிக்கட்டும்." நாமும் சரி, நியாயம்தானே என்று விட்டுவிடுகிறோம். ஒருவரைச் சிறைக்கு அனுப்ப, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத்தான் வேண்டும். பதவியில் உட்கார்ந்திருக்கவும் அதே அளவுகோலா?

மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு குமாஸ்தா 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தாலே, 1965-ஆம் ஆண்டு விதிகளின்படி சஸ்பெண்ட் ஆனவராகவே கருதப்படுவார். அவர் விஷயத்தில் தீர்ப்பு வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. அந்தக் கோப்பில் கையெழுத்துப் போடும் அமைச்சர் மட்டும் ஏன் காத்திருக்கலாம்?

இந்தக் கேள்விக்கு நம் நாடாளுமன்றமே ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறது. 1951-ல் எச்.ஜி. முத்கல் என்ற உறுப்பினர், பம்பாய் தங்கம் வெள்ளி வணிகர் சங்கத்திடம் பணம் வாங்கிக்கொண்டு அவையில் அவர்களுக்காகக் கேள்வி கேட்டார் என்று புகார் வந்தது. அவர் ஆளுங்கட்சிக்காரர். ஆனாலும் பிரதமர் நேருவே முன்வந்து விசாரணைக் குழு அமைக்கச் செய்தார். கோர்ட்டுக்குப் போகட்டும் என்று யாரும் தள்ளிவிடவில்லை. அவையே விசாரித்தது, தவறு என்று கண்டது. வெளியேற்றும் தீர்மானம் நிறைவேறுவதற்குள் முத்கல் ராஜினாமா செய்துவிட்டார். அப்புறமும் அவை விடவில்லை. இவர் வெளியேற்றப்பட வேண்டியவர்தான் என்று தீர்மானத்தைத் திருத்தி, பதிவு செய்தது.

அரியலூர் ரயில் விபத்துக்காக 1956-ல் அப்போதைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதை எல்லோரும் சொல்வோம். அதை ஏற்றுக்கொண்ட நேரு, விபத்துக்கு அவர் பொறுப்பு என்பதால் அல்ல, அது ஒரு முன்னுதாரணமாக இருக்கட்டும் என்றே ஏற்பதாகச் சொன்னார். அதைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

அங்கிருந்து எங்கே வந்து நிற்கிறோம்! லஞ்சம் வாங்கிக்கொண்டு அவையில் ஓட்டுப் போட்டவர்களுக்கும் வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு என்று 1998-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏழு நீதிபதிகள் அமர்ந்து அதை மாற்ற 2024 மார்ச் ஆகிவிட்டது. இடைப்பட்ட 26 ஆண்டுகளில் நாடாளுமன்றம் நினைத்திருந்தால் சட்டத்தைத் தானே திருத்தியிருக்கலாம். எனக்கு ஆறாத வருத்தம் இதுதான்.

ஆசிரியரிடம் ஒரு கோரிக்கை. குற்ற வழக்கு உள்ளவரை வேட்பாளராக நிறுத்தினால், வழக்கு இல்லாத ஒருவரை ஏன் நிறுத்தவில்லை என்ற காரணத்தைக் கட்சிகள் பத்திரிகையில் வெளியிட வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. "வெற்றி வாய்ப்பு" என்பது மட்டுமே காரணமாக இருக்கக் கூடாது என்றும் சொன்னது. அந்த அறிவிப்புகள் விளம்பரப் பக்கத்தில் கண்ணில் படாமலேயே போய்விடுகின்றன. அடுத்த தேர்தலில் வேட்பாளர் அறிமுகம் போடும்போது, கட்சி சொன்ன அந்தக் காரணத்தையும் அவருடைய படத்துக்குக் கீழேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்