தங்கும் நாளைக் காலண்டர் முடிவு செய்ய வேண்டாம்

ஆள்கடத்தலிலிருந்து மீண்ட பெண்களின் தங்கும் இல்லங்களுக்கு நிதி ஒதுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். அனுமதித்த மூன்று மாதம் முடிந்துவிட்டது, இன்னாரை வெளியே அனுப்புங்கள் என்று போன மாதம் உங்களிடமிருந்து எங்கள் இல்லத்துக்குக் கடிதம் வந்தது. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். அவருடைய கோப்பு உங்களிடம்தான் இருக்கிறது.

அவர் எங்கே போவார்? கடத்தியவர்கள் அவருடைய அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். கைப்பேசி வழக்குக்காக நீதிமன்றத்தில் இருக்கிறது. அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் வேலை இல்லை, வேலை இல்லாதவருக்கு யாரும் வீடு தருவதில்லை. சரி, புது அட்டை வாங்கலாம் என்றால் முகவரி கேட்கிறார்கள். அவருக்கு இருந்த ஒரே முகவரி இந்த இல்லம்.

வந்த புதிதில் அவர் விளக்கை அணைக்க விடமாட்டார். கட்டில் இருந்தும் கதவைப் பார்த்தபடி சுவரோரம் உட்கார்ந்தே தூங்குவார். குளிக்கப் போகலாமா, சன்னலைத் திறக்கலாமா என்று எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்பார். அந்தக் கேள்விகள் நிற்கவே வெகுநாள் ஆனது. உங்கள் கடிதம் வந்த அன்று மாலை, தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்டார்.

இது பலவீனமோ பிடிவாதமோ இல்லை. நீண்ட காலம் தப்ப வழியில்லாமல் கொடுமைக்குள்ளானவர்களுக்கு வரக்கூடிய சிக்கலான பேரதிர்ச்சிப் பாதிப்பை, 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு தனி நோயாகவே சேர்த்திருக்கிறது. அது உங்கள் மூன்று மாதத்துக்குக் கட்டுப்பட்டு ஆறாது. ஆகவே கேட்கிறேன்: வெளியேறும் நாளைக் காலண்டரை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்தப் பெண்ணும் அவரைக் கவனிப்பவர்களும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

நீட்டிப்புக் கேட்டபோது, "கோர்ட்டில் சாட்சி சொல்வாரா?" என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். கூரைக்கு விலை சாட்சியமா? தங்குமிடத்தைச் சாட்சியத்தோடு முடிச்சுப்போடக் கூடாது என்று ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகம் 2002லேயே வழிகாட்டியிருக்கிறது. ஆள்கடத்தலைத் தடுக்க ஐ.நா. 2000ஆம் ஆண்டில் ஏற்ற பலெர்மோ நெறிமுறையும் உடல், மனம், சமூக வாழ்வு மூன்றும் மீள்வதைப் பற்றிப் பேசும்போது தகுந்த தங்குமிடத்தைத்தான் முதலில் வைக்கிறது. இதெல்லாம் நீங்கள் படிக்காததல்ல.

மீட்கும் அன்று கேமராக்கள் வருகின்றன, பேட்டிகள் வருகின்றன. அப்புறம் மனநல ஆலோசகருக்குச் சம்பளம் கேட்டால் நிதி இல்லை, இரவுக் காவலுக்கு ஆள் கேட்டால் நிதி இல்லை. போக இடமில்லாமல் வெளியே வருபவரைத் தேடி முதலில் வருவது பெரும்பாலும் பழைய ஆட்கள்தான். அவர்களுக்கு எந்தப் படிவமும் வேண்டாம்.

கோபத்தில் எழுதுகிறேன், மறைக்கவில்லை. ஆனாலும் பணிவாகவே கேட்கிறேன். வெளியேற்ற உத்தரவை நிறுத்திவையுங்கள். புது அட்டை கையில் கிடைத்து, தங்க ஓர் இடம் உறுதியாகும் வரையாவது அவர் இங்கே இருக்கட்டும். மற்ற பெண்களுக்கும் இந்தக் காலக்கெடுவை எடுத்துவிடுங்கள். பதிலை எழுத்தில் தாருங்கள். அவரிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
இல்லத்தில் பணிபுரியும் ஒருத்தி