மறைந்தவருக்காக வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் வாரிசுகள் குறித்து வரித்துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

வருமான வரி நிர்வாகத்தின் தலைமைப் பொறுப்பில் இருப்போருக்கு,

வணக்கம்.

ஒருவர் மறைந்தாலும் அவருடைய வரிக் கணக்கு அன்றோடு முடிந்துவிடுவதில்லை. ஆண்டின் தொடக்கத்திலிருந்து இறந்த நாள் வரை அவருக்கு வந்த வருமானத்துக்கு இறுதிக் கணக்கு ஒன்று தாக்கல் செய்யப்பட வேண்டும். முந்தைய ஆண்டின் கணக்கு நிலுவையில் இருந்தால் அதையும் முடிக்க வேண்டும். அந்தப் பொறுப்பு மனைவிக்கோ கணவருக்கோ பிள்ளைக்கோ உயிலை நிறைவேற்றுபவருக்கோ வந்துசேர்கிறது. இந்தியா, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் நடைமுறைகளில் வேறுபாடுகள் பல இருந்தாலும் அடிப்படை இதுதான். இந்தக் கடமையை நீக்குங்கள் என்று கேட்பதற்காக நான் எழுதவில்லை. ஈட்டிய வருமானத்துக்கு வரி உண்டு என்பதும், அதைச் செலுத்தும் முன் ஒருவர் இறந்துவிட்டால் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து அது தீர்க்கப்பட வேண்டும் என்பதும் நியாயமான விதிகள். அந்தக் கடமையைத் தன் தோளில் ஏற்றுக்கொண்டு உங்களிடம் வருபவருக்கு நீங்கள் எப்போது, எவ்வளவு கதவு திறக்கிறீர்கள் என்பதைப் பற்றியே இந்த மடல்.

கணக்குத் தாக்கல் செய்யும் வேலையில் கடினமானது படிவம் அன்று, தகவல். உயிரோடு இருக்கும் ஒருவருக்குத் தன் சம்பளம் எங்கிருந்து வந்தது, எந்த வங்கியில் வைப்புத்தொகை இருக்கிறது, எந்தப் பங்கிலிருந்து ஈவுத்தொகை வந்தது என்பது ஓரளவாவது நினைவிருக்கும். அவருக்குப் பின் வருபவருக்கு அது தெரியாது. கணவருக்கு எத்தனை வங்கிக் கணக்குகள் இருந்தன என்பதையே அவர் போன பிறகு அலமாரியைத் துழாவித்தான் பல மனைவியர் அறிந்துகொள்கிறார்கள். ஆனால் உங்களுக்கு அது தெரியும். முதலாளிகளும் வங்கிகளும் பரஸ்பர நிதி நிறுவனங்களும் ஆண்டுதோறும் உங்களுக்கு விவரம் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. இந்தியாவில் ஆண்டுத் தகவல் அறிக்கை அந்த விவரங்களைத்தான் திரட்டி வைத்திருக்கிறது. ஆக, கணக்கை எழுத வேண்டியவரிடம் தகவல் இல்லை. தகவலை வைத்திருப்பவரோ அதைக் காட்டுவதற்கு முன் பதிவு, சான்று, ஒப்புதல் என்று காத்திருக்கச் சொல்கிறார். இந்த மடலில் நான் சொல்ல வந்த குறைகளில் பெரும்பாலானவை இந்த ஓர் இடத்திலிருந்தே கிளைக்கின்றன.

வாரிசு என்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் மறைந்தவரின் நிதி விவரங்களை எடுத்து நீட்டிவிட முடியாது என்பதை நான் அறிவேன். சொத்துக்காகச் சண்டையிடும் குடும்பங்கள் இருக்கின்றன; மோசடிக்காரர்களும் இருக்கிறார்கள். இறப்புச் சான்றிதழும் வாரிசுரிமைக்கான ஆவணமும் இழப்பீட்டு உறுதிப் பத்திரமும் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஆனால் அந்தக் காவலின் இன்றைய விளைவு என்ன என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டும். மறைந்தவரின் கைப்பேசி இன்னும் மேசை மீது கிடக்கிறது. அவருடைய கடவுச்சொல் ஒரு குறிப்பேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. ஒருமுறைக் கடவுச்சொல்லும் (ஓடிபி) அந்தக் கைப்பேசிக்கே வருகிறது. முறைப்படி வாரிசாகப் பதிவு செய்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மறைந்தவராகவே உங்கள் இணையதளத்துக்குள் நுழைந்து, அவரே கையொப்பமிட்டதுபோல் கணக்கை அனுப்பிவிட்டால் சில நிமிடங்களில் வேலை முடிகிறது. எத்தனையோ குடும்பங்கள் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுக்கின்றன. ஏமாற்றும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. தாமதக் கட்டணத்துக்கும் நோட்டீசுக்கும் அஞ்சியே அப்படிச் செய்கிறார்கள். இறந்த தேதிக்குப் பின் அவர் பெயரிலேயே சரிபார்க்கப்பட்ட அந்தக் கணக்கு சட்டத்தின் முன் நிற்காது என்பது அவர்களுக்குப் பின்னால்தான் தெரியவருகிறது. நேர்வழியில் நடப்பவருக்கே அதிகத் தொல்லை தரும் நடைமுறை, காவல் என்ற பெயருக்குத் தகுதியானதாக எனக்குப் படவில்லை.

அடுத்தது கெடு. இந்தியாவில் சம்பளக்காரர்களுக்கு வழக்கமான கெடு ஜூலை 31. ஜூலை முதல் வாரத்தில் ஒருவர் இறந்தால், மார்ச்சில் முடிந்த நிதியாண்டுக்கான அவருடைய கணக்கு அந்த மாத முடிவுக்குள் தாக்கலாக வேண்டும். ஏப்ரல் முதல் இறந்த நாள் வரையிலான வருமானத்துக்கு அடுத்த ஆண்டில் இன்னொரு கணக்கு தேவைப்படும். அந்தச் சில வாரங்களுக்குள் காரியங்கள் முடிந்து, இறப்புச் சான்றிதழ் வந்து, வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, அது கிடைத்து, வாரிசுப் பதிவுக்கு உங்கள் ஒப்புதலும் கிடைத்தாக வேண்டும். அமெரிக்காவிலும் இறந்தவருக்கான கெடு உயிரோடு இருப்பவருக்கு உள்ள அதே ஏப்ரல் 15தான். இதில் கனடா கொஞ்சம் யோசித்திருக்கிறது. அங்கே ஜனவரி முதல் அக்டோபர் முடிய இறந்தவர்களின் இறுதிக் கணக்குக்குப் பொதுவான கெடுவான அடுத்த ஏப்ரல் 30 பொருந்தும். நவம்பரிலோ டிசம்பரிலோ இறந்தவர்களுக்கு இறந்த நாளிலிருந்து ஆறு மாதம் அவகாசம் கிடைக்கிறது. கெடுவை இறந்த நாளோடு பொருத்திப் பார்க்கலாம், அதனால் வரி நிர்வாகம் நிலைகுலைந்துவிடாது என்பதற்கு இதுவே போதுமான சான்று. நான் இன்னும் ஓரடி மேலே சென்று கேட்கிறேன். மறைந்தவரின் விவரங்கள் வாரிசின் பார்வைக்குத் திறக்கப்பட்ட நாளிலிருந்து கெடு தொடங்கட்டும். கதவை நீங்கள் திறக்காத நாட்களுக்கு அவரிடம் தாமதக் கட்டணம் வாங்குவது முறையாகாது.

இனி, வெளியில் அதிகம் பேசப்படாத, ஆனால் குடும்பங்களை உண்மையிலேயே திணறடிக்கும் ஒரு சிக்கல். இறந்த நாள் வரை வந்த வருமானம் அவருடையது. அதற்குப் பிறகு அதே வைப்புத்தொகையிலிருந்து வரும் வட்டியும் அதே வீட்டின் வாடகையும் வாரிசுக்கோ பிரிக்கப்படாத சொத்துத் தொகுதிக்கோ உரியவை. சட்டத்தில் இந்தக் கோடு தெளிவாக இருக்கிறது. காகிதத்தில் அது எங்கும் இல்லை. வங்கி ஆண்டு முழுவதற்கும் ஒரே வட்டிச் சான்றிதழைத் தருகிறது. இறப்புச் செய்தி வங்கிக்குப் போய்ச் சேரும்வரை வரிப் பிடித்தம் முழுவதும் மறைந்தவரின் வரி எண்ணிலேயே வரவு வைக்கப்படுகிறது. என் அக்காவின் கணவருக்காக நாங்கள் கணக்கு முடித்தபோது, இறந்த நாள் வரையிலான வட்டியை நாள் கணக்கில் பிரித்து, மீதியை அக்காவின் கணக்கில் காட்டினோம். பிறகு ஒரு கேட்புக் கடிதம் வந்தது: வங்கி தெரிவித்த தொகைக்கும் கணக்கில் காட்டிய தொகைக்கும் வேறுபாடு இருக்கிறது, விளக்கம் தருக என்று. அக்காவை வாரிசாகப் பதிவுசெய்து ஏற்றுக்கொண்ட அதே அலுவலகம், அவர் எந்த நாளில் விதவையானார் என்பதை மறுபடியும் எழுதித் தரச் சொன்னது. இறந்த தேதி உங்கள் கணினியில் இருக்கும்போது, அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் எவ்வளவு என்று வங்கியிடம் கேட்க வேண்டியவர் நீங்கள். அந்தக் கேள்வியைத் துக்கத்தில் இருப்பவரிடம் கொண்டுபோவது எந்த வகையிலும் தேவையில்லை.

அச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மறைந்தவரின் வரிப் பாக்கி தன் சொந்தச் சேமிப்பை விழுங்கிவிடுமோ என்ற பயத்தில் கணக்கே தாக்கல் செய்யாமல் ஒதுங்கிவிடுகிறவர்கள் பலர். இந்தியாவின் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 159ஆவது பிரிவு, வாரிசின் பொறுப்பு மறைந்தவர் விட்டுச்சென்ற சொத்து எந்த அளவுக்கு ஈடுகொடுக்குமோ அந்த அளவுக்கு மட்டுமே என்று வரையறுத்தது. பொறுப்பை ஏற்பவருக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறில்லை. அப்படியிருந்தும் வாரிசுக்குப் போகும் கடிதங்களில் கெடுவும் அபராதமும் இடம்பெறும் அளவுக்கு இந்த வரம்பு இடம்பெறுவதில்லை. முதல் கடிதத்தின் முதல் பத்தியிலேயே அதை எழுதுங்கள்.

அச்சத்தால் ஒதுங்குபவர்கள் இழப்பதும் உண்டு. சம்பளத்தில் மாதந்தோறும் பிடிக்கப்படும் வரி, அவர் ஆண்டு முழுவதும் வேலை செய்வார் என்ற கணிப்பில் பிடிக்கப்படுகிறது. அவர் ஆண்டின் நடுவில் இறந்துவிட்டால் வருமானம் அந்தக் கணிப்பை எட்டுவதில்லை. வரியில்லா வரம்போ முழு ஆண்டுக்கும் உரியதாகவே இருக்கிறது. பிரிட்டனில் இறந்த ஆண்டுக்கும் தனிநபர் வரிவிலக்குத் தொகை முழுமையாகக் கிடைக்கிறது. அமெரிக்காவில் வருமானத்திலிருந்து கழிக்கப்படும் நிலையான கழிவும் ஆஸ்திரேலியாவில் வரியில்லா வரம்பும் அப்படியே. ஆகவே பல குடும்பங்கள் வரி கட்ட வேண்டிய நிலையில் இல்லை, பணத்தைத் திரும்பப் பெற வேண்டிய நிலையில்தான் இருக்கின்றன. அந்தப் பணம் வருவதற்குள் மறைந்தவரின் வங்கிக் கணக்கு மூடப்பட்டுவிட்டால் அது போன வழியே உங்களிடம் திரும்பிவிடும். அமெரிக்காவில் இறந்தவருக்குத் திரும்ப வர வேண்டிய பணத்தைக் கோருவதற்கென்றே 1310 என்று ஒரு படிவம் இருக்கிறது. கணவனோ மனைவியோ கூட்டு வரிக் கணக்காகத் தாக்கல் செய்தால் அந்தப் படிவமும் தேவையில்லை. திரும்பத் தர வேண்டிய தொகை உங்கள் கணினியிலேயே தெரியும்போது, வாரிசு கேட்காவிட்டாலும் நீங்களே அவருக்கு அறிவிக்க வேண்டும். வர வேண்டிய வரிக்கு எழுதும் கடிதத்தின் அதே விரைவில் அதையும் எழுதுங்கள்.

இறந்தவர் பெயருக்கு நோட்டீஸ் அனுப்பும் வழக்கம் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் நீதிமன்றங்கள் போதுமான அளவுக்குச் சொல்லிவிட்டன. இறந்துபோன ஒருவருக்கு அனுப்பிய நோட்டீஸ் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018ஆம் ஆண்டில் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. இறப்பை உடனே துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று வாரிசுகளைக் கட்டாயப்படுத்தும் சட்ட விதி இல்லை என்பதையும் அது சுட்டிக்காட்டியது. இறப்பைப் பதிவு செய்யும் அலுவலகமும் வரித்துறையும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டால் இப்படிப்பட்ட வழக்குகளுக்கே இடமிருக்காது. பிரிட்டனின் பெரும்பகுதியில், இறப்பைப் பதிவு செய்யும்போதே ஒரே அறிவிப்பில் வரித்துறை உள்ளிட்ட அரசுத் துறைகள் பலவற்றுக்கும் செய்தி போய்ச் சேர வழி இருக்கிறது. அங்கே முடிவது மற்ற இடங்களில் முடியாமல் போகக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவையும் ஒரே நாளில் மாற்றிவிட முடியாது. ஆனால் ஒன்றை உடனே செய்யலாம். இறப்புச் சான்றிதழும் உறவைக் காட்டும் அடிப்படை ஆவணமும் தந்த வாரிசுக்கு, திருத்தும் உரிமையோ பணம் பெறும் உரிமையோ இல்லாமல், பார்க்கும் உரிமையை மட்டும் முதலில் கொடுங்கள். வாரிசுகளுக்குள் தகராறு இருந்தாலும் அந்தப் பார்வையால் யாருடைய பங்கும் பறிபோகாது. எந்தெந்த வங்கி, எவ்வளவு வட்டி, எவ்வளவு பிடித்தம் என்று தெரிந்துவிட்டால் அவர் கணக்கைத் தயார் செய்யத் தொடங்கலாம்; ஆடிட்டரிடம் போகவும் வழி பிறக்கும். தாக்கல் செய்யும் உரிமைக்கும் பணம் பெறும் உரிமைக்கும் வாரிசுச் சான்றிதழ் வரும்வரை காத்திருப்பதில் தவறில்லை.

கடைசியாக ஒரு கோரிக்கை. கனடாவில், சொத்தைப் பங்கிடுவதற்கு முன் வரித்துறையிடமிருந்து ஒரு தீர்வுச் சான்றிதழைக் கேட்டுப் பெறலாம். அதுவரையிலான வரிகள் தீர்ந்துவிட்டன அல்லது அவற்றுக்கு உத்தரவாதம் ஏற்கப்பட்டுவிட்டது என்று அது உறுதி தருகிறது. அதைப் பெறாமல் பங்கிட்டுவிட்டால் பொறுப்பேற்றவரே சொந்தமாகப் பதில் சொல்ல நேரலாம். இப்படியொரு சான்றிதழ் எல்லா நாட்டு வாரிசுகளுக்கும் கிடைக்க வேண்டும். எல்லாம் செய்து முடித்த பிறகும், பழைய ஆண்டொன்றைக் கிளறி இன்னொரு நோட்டீஸ் வருமோ என்று சொத்தைப் பிரிக்காமல் வைத்திருக்கும் குடும்பங்களை நான் அறிவேன். இந்தக் கணக்கு முடிந்தது என்று எழுதித் தர உங்கள் அதிகாரி ஒருவரால் முடியும்.

மேலே கேட்டவற்றில் எவை நிர்வாக உத்தரவாலேயே நிறைவேறக்கூடியவை, எவற்றுக்குச் சட்டத் திருத்தம் தேவை என்பதைப் பொதுவெளியில் அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மறைந்த குடும்பத்தினர் ஒருவருக்காக வரிக் கணக்கு முடிக்க உடனிருந்த ஒருத்தி