மிளகு இப்போது நன்றாக இருக்கிறான்

தருமபுரி
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் பூனை மிளகு இப்போது நன்றாக இருக்கிறான். காலையிலிருந்து இரண்டு தடவை டிரே மண்ணில் ஒன்றுக்குப் போயிருக்கிறான். இரண்டு தடவையும் எலுமிச்சம்பழம் அளவுக்கு மண் கட்டியிருந்தது. இதையெல்லாமா கடிதத்தில் எழுதுவது என்று நினைக்காதே. அந்தக் கட்டியைப் பார்த்த பிறகுதான் இப்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்குகிறது.

போனில் சொல்லத்தான் பார்த்தேன். நீ "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் நீளமாக அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. வேலை அதிகம், தெரியும். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

தை மாசம் "இரண்டு வாரந்தாம்மா" என்று அவனை விட்டுவிட்டுப் போனாய். இப்போது சந்தைக்குப் பெங்களூரா மாங்காயே வர ஆரம்பித்துவிட்டது. குறையாகச் சொல்லவில்லை. அவன் இருப்பது எங்களுக்குப் பாரமில்லை. அவன் சாப்பிட்டானா என்று கேட்டுவிட்டுத்தான் அப்பாகூட இப்போது சாப்பிட உட்காருகிறார்.

கண்ட இடத்தில் ஒன்றுக்குப் போவது மாசியில் தொடங்கியது. முதலில் பாத்ரூம் கால்மிதி. அப்புறம் கேழ்வரகு மூட்டை. அதற்கப்புறம் உன் கட்டில். தினமும் உன் கட்டில்தான், நீ தலைவைத்துப் படுக்கும் பக்கம். ஆயா கையால் தைத்த இலவம்பஞ்சு மெத்தை, துவைக்கவும் முடியாது. வெயிலில் போட்டுப் போட்டு எடுத்தேன். எங்கள் மூக்குக்கு வாடை போய்விட்டது, அவன் மூக்குக்குப் போகவில்லை. மறுபடியும் அங்கேயே. அப்பா "கொழுப்பு" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நீ கொடுத்த செல்லம் என்று உன்னையும் சேர்த்துத் திட்டினேன்.

நான் செய்ததைக் கேள். நீ வைத்துவிட்டுப் போன மண் தீர்ந்ததும் இங்கே கடையில் கேட்டேன். லாவண்டர் வாசனை போட்டதைக் கொடுத்தார்கள், வாசனை நல்லதுதானே என்று வாங்கிவந்தேன். மாடிப்படிக்குக் கீழே நீ வைத்திருந்த டிரேயை, சித்தி வீட்டார் வருகிறார்கள் என்று பின்கட்டில் கிரைண்டருக்குப் பக்கத்தில் மாற்றினேன். மாவு ஆட்டும் நேரத்தில் ஒருநாள் அவன் உள்ளே கால் வைத்ததும் நான் சுவிட்சைப் போட்டுவிட்டேன். அன்றைக்கு ஓடியவன் அப்புறம் பல நாள் அந்தப் பக்கமே போகவில்லை. நாற்றம் வந்துவிடக் கூடாது என்று தினமும் டிரேயைப் பினாயில் ஊற்றிக் கழுவினேன். சுத்தம் என்று நினைத்துச் செய்ததுதான். பினாயில் பூனைக்கு விஷமாம், கண்ணு. காலில் ஒட்டியதை நக்கியே உள்ளே போய்விடுமாம். நீ எங்கே அவனை வைத்துக்கொண்டாலும் பினாயில் மட்டும் போடாதே.

இதையும் எழுதிவிடுகிறேன். விளக்குமாற்றால் அடித்தேன். கழுத்தைப் பிடித்து, ஈர மெத்தையில் மூக்கை வைத்துத் தேய்த்தேன். இரண்டு ராத்திரி மொட்டைமாடியில் விட்டுக் கதவைச் சாத்தினேன். அங்கே பக்கத்துத் தெருக் கடுவன் ஒன்று சுவர்மேல் உட்கார்ந்து ராத்திரியெல்லாம் கத்தியது. விடியற்காலை கதவைத் திறந்தபோது இவன் வாசற்படியோடு படியாக ஒடுங்கிக் கிடந்தான். அதைப் பார்த்தும் மறுநாள் ராத்திரி மறுபடி விட்டேன்.

அடுத்த நாள் சாயங்காலம் பார்த்தால், டிரேயில் போய் உட்காருகிறான், எழுந்து வருகிறான், மறுபடி போய் உட்காருகிறான். முக்குகிறான், கத்துகிறான். ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, அதுவும் சிவப்பாக. அடிவயிற்றை விடாமல் நக்கினான். மலச்சிக்கல் என்று நினைத்து அப்பா விளக்கெண்ணெய் தேடினார். மாடிவீட்டுப் பையன்தான் பார்த்துவிட்டு, "அத்தை, ஆண் பூனைக்கு இப்படி வந்தா காலைவரைக்கும் வைக்கக் கூடாது" என்றான். மணி ஒன்பதரை. நம் ஊரில் அந்நேரத்துக்கு யாரைத் தேடுவது? அப்பா வாடகைக் கார் பிடித்தார். சேலம் 65 கிலோமீட்டர். தொப்பூர் கணவாயில் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. பூனையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுகிற உன் அப்பா, கூடையை மடியில் வைத்துக்கொண்டு "பொறுத்துக்கோடா, பொறுத்துக்கோடா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

டாக்டரம்மா வயிற்றைத் தொட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. மூத்திரப்பை கல்லாட்டம் இருக்கிறது என்றார். ஆண் பூனைக்கு அந்தக் குழாய் ரொம்பக் குறுகலாம். உப்புத்தூள் மாதிரிப் படிகமும் சளி மாதிரி ஒன்றும் சேர்ந்து அடைத்துக்கொள்ளுமாம். அடைத்துவிட்டால் சிறுநீரகம் கெட்டு, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, ஓரிரு நாளில் இதயம் நின்றுபோகுமாம். மயக்கம் கொடுத்து மெல்லிய குழாய் விட்டு எடுத்தார்கள். மூன்று நாள் அந்தக் குழாயோடும் டிரிப்போடும் கிடந்தான். செலவைக் கேட்காதே, அது ஆயிற்று. உன்னிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அப்பாதான் வேண்டாம் என்றார், நீ ஏற்கெனவே இளைத்துத் தெரிகிறாய் என்றார்.

"எத்தனை நாளா டிரேக்கு வெளியே போறான்?" என்று டாக்டரம்மா கேட்டார். 12 நாள் என்றேன். "12 நாளா என்ன செஞ்சீங்க?" என்றார். எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜ் கதவில் பால் கணக்குச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். அதற்குக் கீழே நீ ஒட்டிவிட்டுப் போன காகிதம் இருந்தது. நீல மையில், நாலாம் வகுப்பில் பரிசு வாங்கிய அதே கையெழுத்து. மூன்றாவது வரி: "ஒன்றுக்குப் போக முக்கினால் உடனே டாக்டர், காத்திருக்காதே." எல்லாம் தெரிந்து எழுதிவைத்திருக்கிறாய். அவ்வளவு அறிவுள்ள பெண். நான்தான் அதன்மேல் பால் சீட்டை ஒட்டியிருக்கிறேன். ஆனால் நீயும் ஒரு தடவை போன் செய்து "மிளகு எப்படிம்மா ஒன்றுக்குப் போகிறான்" என்று கேட்டிருக்கலாம். பூனையைப் பற்றிப் பேசவாவது கூப்பிடக் கூடாதா?

சரி, அதை விடு. டாக்டரம்மா சொன்னதைச் சொல்கிறேன். வாலைத் தூக்கி ஆட்டிக்கொண்டு சுவரில் பீய்ச்சினால் அது எல்லை குறிப்பது, பெரும்பாலும் ஆபரேஷன் ஆகாத கடுவன் செய்யும் வேலை. இவனுக்கு நீ ஆறாம் மாசமே ஆபரேஷன் செய்துவிட்டாய். இவன் குந்தி உட்கார்ந்து மெத்தையில் போனான். அப்படிப் போனால் வலியாக இருக்கும், பயமாக இருக்கும், இல்லாவிட்டால் டிரே பிடிக்காமல் இருக்கும் என்றார். இவனுக்கு மூன்றும். இடம் மாறினாலும், வீட்டு ஆள் திடீரென்று காணாமல் போனாலும், கிருமி ஒன்றும் இல்லாமலே பூனைக்கு மூத்திரப்பை புண்ணாகுமாம். அப்புறம் டிரேயில் உட்கார்ந்ததால்தான் வலிக்கிறது என்று அதை விட்டுவிட்டு மெத்தென்ற இடமாகத் தேடுமாம். அவன் வீடெல்லாம் தேடி உன் படுக்கைக்குப் போயிருக்கிறான். நான் அதைக் கொழுப்பு என்றேன்.

நம் ஊர்த் தண்ணீரால் வந்ததா என்றும் கேட்டேன். பெரியப்பா பல்லில் அந்த ஃபுளோரைடு கறையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் போர்த் தண்ணீர் என்றாலே பயம்தானே. 2013-ல் ஒகேனக்கல் திட்டம் வந்தபிறகு அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம், அவனுக்கும் அதைத்தான் ஊற்றுகிறேன் என்றேன். "எந்தத் தண்ணிங்கறதைவிட எவ்வளவு உள்ளே போகுதுன்னு பாருங்க" என்றார். காய்ந்த தீனி மட்டுமே தின்றால் பூனைக்குத் தண்ணீர் போதாதாம். இப்போது மூன்று இடத்தில் கிண்ணம் வைத்திருக்கிறேன். உப்பு, வெங்காயம் எதுவும் போடாமல் கோழி வேகவைத்து அந்தத் தண்ணீரோடு கொடுக்கிறேன். டாக்டரம்மா எழுதிக்கொடுத்த ஈரத் தீனியும் உண்டு. நீயும் தண்ணீர் குடி. காலேஜ் ஹாஸ்டலில் உனக்கு வந்ததை மறந்துவிடாதே. அடக்கி வைத்துக்கொண்டு வேலை பார்க்காதே.

டிரே மறுபடி மாடிப்படிக்குக் கீழேயே வந்துவிட்டது. ஒரு பூனைக்கே இரண்டு வேண்டுமாம், இன்னொன்று உன் அறையில். கடையில் விற்கிற டிரே அவனுக்குச் சின்னது, தன் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு இருந்தால்தான் திரும்பி உட்கார வசதி. துணி ஊறவைக்கும் பெரிய டப்பில் ஒரு பக்கத்தை அப்பா தாழ அறுத்துக் கொடுத்தார். வாசனை போடாத மண், மூன்று விரல் கனம். காலையும் மாலையும் அள்ளுகிறேன், கழுவுவது வெறும் சோப்புத் தண்ணீரில். பினாயில் போடாதே. மண்ணை மாற்றுவதானால் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்று. தரையில் போன இடத்துக்கெல்லாம் மாடிவீட்டுப் பையன் என்சைம் போட்ட திரவம் ஒன்று வரவழைத்துக் கொடுத்தான், அது ஊறிக் காய்ந்தபிறகுதான் வாடை அடியோடு போனது. சித்திரை ஒன்றாம் தேதி வீடு நிறைய ஆட்கள் இருந்தபோது கால்மிதியில் ஒரு தடவை போய்விட்டான். திட்டவில்லை. துடைத்துவிட்டு, அன்று முழுக்க அவன் எத்தனை தடவை போகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் வெளியே போகவே இல்லை.

போன வாரம் நீ அனுப்பிய மண் பார்சல் வந்தது. உள்ளே இருந்த பில்லில் உன் விலாசம் வேறாக இருந்தது. ஏதோ ஒரு லேடீஸ் பி.ஜி. பெயர். நான் எதுவும் கேட்கவில்லை. பில்லை அப்பாவிடம் காட்டவும் இல்லை. இந்தக் கடிதத்தை அந்த விலாசத்துக்குத்தான் போடுகிறேன். பி.ஜி.யில் பூனை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும்.

கார்த்திகை மாசம் ராத்திரி பதினொரு மணிக்கு நீ கூப்பிட்டாயே. அழுகிறாயா சளி பிடித்திருக்கிறதா என்று தெரியவில்லை, கேட்கவும் இல்லை. நீ சொல்லத் தொடங்கியதுமே, எல்லா வீட்டிலும் இருப்பதுதான், பொறுத்துப் போ, காலையில் சரியாகிவிடும் என்றேன். அப்பா எழுந்துவிடுவார் என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்பா தூங்கவே இல்லை, கண்ணு. பக்கத்தில் விழித்துத்தான் இருந்தார். காதால் கேட்க எனக்குத்தான் பயம். அந்த ராத்திரி நீ எங்கே இருந்தாய், யார் வீட்டில் படுத்தாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாடிக்கதவைச் சாத்தியதை நினைக்கும்போதெல்லாம் அந்தப் போன்தான் நினைவுக்கு வருகிறது. நான் செய்தது தப்பு.

மறுபடி அப்படி வைக்கமாட்டேன். எந்த நேரமானாலும் கூப்பிடு. தண்ணீர் குடி.

இன்னொன்று. ஆயா மெத்தையைத் தூக்கிப் போட வேண்டியதாகிவிட்டது, எவ்வளவோ பார்த்தேன், தேறவில்லை. புதிதாக இலவம்பஞ்சு வாங்கி வைத்திருக்கிறேன். மெத்தை தைப்பவர் நேற்று வந்து அளவு கேட்டார், ஒற்றைக் கட்டிலுக்கா இரட்டைக் கட்டிலுக்கா என்று. மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அடுத்த புதன்கிழமை மறுபடி வருகிறார். எது என்று மட்டும் எழுது. எதை எழுதினாலும் அதையே தைக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா