ஃபுட்பாலைக் கொண்டுபோங்கள், மற்ற பிள்ளைகளை விட்டுவிடுங்கள்

பேக்-12 கான்ஃபரன்ஸை விட்டுப் போன பத்துப் பல்கலைக்கழகங்களின் தலைவர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். ஃபுட்பாலை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோங்கள். சாஃப்ட்பால், வாலிபால், நீச்சல், டென்னிஸ் என்று மற்ற ஆட்டங்கள் ஆடும் பிள்ளைகளைப் பக்கத்து ஊர்களோடு, மேற்கிலேயே ஆட விடுங்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்தவன். நீங்கள் பத்துப் பேரும் போன பிறகு தனியாக நின்ற இரண்டில் அது ஒன்று, மற்றது ஒரிகன் ஸ்டேட். இப்போது சியாட்டில் பக்கம் குடியிருக்கிறேன். இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் வளாகங்களில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். பெர்க்லியில் தமிழுக்கென்றே ஓர் இருக்கை இருக்கிறது. ஆனால் கட்டணம் கட்டும் தமிழ்ப் பெற்றோர் பலருக்கு இது ‘ஏதோ ஃபுட்பால் தகராறு’ என்ற அளவில்தான் தெரியும். அவர்களும் படிக்கட்டும். அவர்களுக்காக ஒரு வரி: கான்ஃபரன்ஸ் என்பது தங்களுக்குள் போட்டி ஆடப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வைத்துக்கொள்ளும் கூட்டமைப்பு. பேக்-12 மேற்கில் இருந்த பன்னிரண்டு பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு.

படிப்புக்காக, வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் புல்மன் ஊருக்கு வந்தபோது எனக்கு இந்த ஆட்டம் தெரியாது. ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பது என்று நினைத்திருந்தேன். இவர்கள் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார்கள். 2002 நவம்பர் 23 அன்று, ஆப்பிள் கோப்பை ஆட்டத்துக்கு ஒரு நண்பன் இழுத்துக்கொண்டு போனான். எங்களுக்கும் சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கும் 1900 முதல் நடந்துவரும் பங்காளிச் சண்டை அது. பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர், கோதுமை விவசாயி. அவருக்கு அந்தப் பக்கம் ஊதா நிறத் தொப்பி போட்ட இன்னொரு பெரியவர், அவருடைய சொந்தத் தம்பி. அண்ணன் எங்கள் பல்கலைக்கழகம், தம்பி எதிரணி. ஒரே கம்பளியை இருவரும் காலில் போர்த்தியிருந்தார்கள். “நாலு வாய்ப்பு, பத்து கஜம், அவ்வளவுதான் கணக்கு” என்று அண்ணன் எனக்குப் பாடம் எடுத்தார். அவர் தப்பாகச் சொன்ன இடத்தில் எல்லாம் தம்பி திருத்தினார். மூன்று முறை கூடுதல் நேரம் போய் 29-26 என்று தோற்றோம். அண்ணன் எழுந்து, ஃபிளாஸ்கில் மிச்சமிருந்த காபியைத் தம்பிக்கு ஊற்றிக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்குத்தான் இந்த ஊர் எனக்குப் புரிந்தது.

இதெல்லாம் பழைய நினைவு, வியாபாரம் வேறு என்று நீங்கள் சொல்லலாம். சரி, வியாபாரத்தையே பேசுவோம்.

உங்கள் கான்ஃபரன்ஸ் 1915இல் போர்ட்லந்தில் நான்கு பல்கலைக்கழகங்கள் கூடித் தொடங்கியது. கலிஃபோர்னியா (அதாவது பெர்க்லி), ஒரிகன், வாஷிங்டன், அப்புறம் இன்றைய ஒரிகன் ஸ்டேட். 2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பிக் டென் என்ற வேறொரு கான்ஃபரன்ஸுக்குப் போவதாக அறிவித்தன. அடுத்த ஆண்டு ஜூலையில் கொலராடோ, பிக் 12 என்ற இன்னொரு கான்ஃபரன்ஸுக்குக் கிளம்பியது. 2023 ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை. அந்த ஒரே நாளில் ஐந்து பேர் வெளியேறினீர்கள். ஒரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12க்கு. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ஏசிசியில் சேர்ந்தன. ஏசிசி என்றால் அட்லாண்டிக் கரை கான்ஃபரன்ஸ். பசிபிக் கரையில் இருந்துகொண்டு அதில் சேர்ந்தீர்கள். 108 ஆண்டுக் கூட்டுக் குடும்பம், பதினான்கு மாதத்தில் பாகம் பிரிந்தது.

ஏன் பிரிந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பிக் டென் 2022 ஆகஸ்ட்டில் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி தொலைக்காட்சிகள் மூன்றோடும் ஏழு ஆண்டு ஒளிபரப்புக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது. உங்கள் கைக்கு வந்தது ஆப்பிள் நிறுவனத்தின் ஒளிபரப்பு யோசனை; எத்தனை பேர் சந்தா கட்டுவார்களோ அதைப் பொறுத்துப் பணம். பயந்தீர்கள், அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்த நிலைமைக்கு வந்தது யாரால்? 2012இல் சொந்தமாகத் தொலைக்காட்சி தொடங்கி, டைரக்ட்டிவியில்கூட அது வராமல் கடைசிவரை இழுபறியாகவே ஓட்டியது உங்கள் காலத்தில்தான். கான்ஃபரன்ஸின் ஆட்சிக்குழு என்பதே நீங்கள்தானே. கான்ஃபரன்ஸை நிர்வகித்த கமிஷனர்கள் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டுப் போக முடியாது.

போனபோது சிலர் ஒளிபரப்பு வருமானத்தில் எவ்வளவு குறைந்த பங்குக்கு இறங்கிப் போனீர்கள் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ஏசிசியில் முதல் ஏழு ஆண்டுக்கு 30 சதவீதப் பங்குதான் வாங்குகின்றன. ஒரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னில் முழுப் பங்கு இல்லாமலே நுழைந்தன. யுசிஎல்ஏ போனதால் பெர்க்லிக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு, யுசிஎல்ஏ மூன்று ஆண்டுக்கு ஆண்டுக்கு 1 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று இரண்டுக்கும் பொதுவான ஆட்சிக்குழு 2024 மே மாதம் முடிவு செய்தது. ஒரே அரசுப் பல்கலைக்கழக அமைப்பின் இடது கை வலது கைக்கு அபராதம் கட்டுகிறது. இதில் ஜெயித்தது யார் என்று எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

இந்தத் தொழிலில் பணம் எங்கே போய்ச் சேருகிறது என்பதற்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். நீங்கள் பிரிந்த அதே இலையுதிர் காலத்தில், 2023 நவம்பரில், டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் ஃபுட்பால் பயிற்சியாளரை வேலையை விட்டு அனுப்பியது. ஒப்பந்தப்படி அவருக்குச் சேர வேண்டியது 7.5 கோடி டாலருக்கு மேல். அந்தப் பல்கலைக்கழகம் உங்களில் ஒன்று இல்லை. ஆனால் அந்தப் பந்தயத்தில்தான் நீங்களும் ஓடுகிறீர்கள்.

1984இல் இந்தக் கதவு திறந்தது. அதுவரை எந்த ஆட்டம் டிவியில் வரும் என்று, கல்லூரி விளையாட்டுகளுக்கான தேசிய அமைப்பான என்சிஏஏதான் முடிவு செய்தது. ஒக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட, உச்ச நீதிமன்றம் 7-2 என்று அவற்றின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எதிர்த்து எழுதியவர் நீதிபதி பைரன் வைட். கொலராடோவில் ஃபுட்பால் ஆடிப் பெயர் வாங்கியவர். பணம் மட்டும் பேச ஆரம்பித்தால் கல்லூரி விளையாட்டு என்ன ஆகும் என்று மைதானத்தில் நின்றவர் கவலைப்பட்டார். கொலராடோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறவர்கள் அவர் எழுதியதை ஒருமுறை எடுத்துப் படியுங்கள்.

இப்போது நான் எழுத உட்கார்ந்ததன் காரணத்துக்கு வருகிறேன்.

எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி உங்களில் ஒரு பல்கலைக்கழகத்தில் சாஃப்ட்பால் ஆடுகிறாள். எது என்று சொல்லமாட்டேன், அவளுக்குத் தொந்தரவு வேண்டாம். பாதி ஸ்காலர்ஷிப், மீதி அப்பா அம்மா கட்டுகிறார்கள். போன வசந்தத்தில் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிய காலண்டரைப் பார்த்தேன். அம்மா நீல மையில் ஆட்டங்களையும், சிவப்பு மையில் மகள் தவறவிட்ட வகுப்புகளையும் குறித்திருந்தார். மார்ச் மாதத்தில் சிவப்பு நீலத்தைவிட அதிகமாக இருந்தது. வியாழக்கிழமை விமானம் ஏறினால், நாட்டின் அந்தக் கோடியில் மூன்று நாள் ஆடிவிட்டு ஞாயிறு நள்ளிரவு தாண்டித்தான் அறைக்கு வருகிறாள். மூன்று மணி நேர வித்தியாசம் வேறு. காலை எட்டு மணிக்கு வகுப்பு. உயிர்வேதியியல் படிக்க வேண்டும் என்று போனவள். அதற்கான ஆய்வக வகுப்பு வெள்ளிக்கிழமை மதியம் மட்டும். இரண்டு பருவம் முயன்றுவிட்டுப் பாடத்தை மாற்றிக்கொண்டாள். “பரவாயில்லை அங்கிள், இதுவும் நல்லாத்தான் இருக்கு” என்றாள். அவள் அம்மா அடுப்பங்கரைக்குள் போய்விட்டார்.

அவளை ஃபாக்ஸோ என்பிசியோ கேட்கவில்லை. 700 கோடி ஒப்பந்தம் அவள் ஆட்டத்துக்காகப் போடப்படவில்லை. பிறகு ஏன் அவள் கண்டம் தாண்ட வேண்டும்? வரும் பணத்தில் ஒரு பகுதியை அவளை விமானத்தில் ஏற்றி இறக்கவே செலவழிக்கிறீர்கள். இரண்டு ஊர் ஆட்டங்களை ஒரே பயணத்தில் சேர்க்கிறோம் என்று சொல்கிறீர்கள். அது உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் சியாட்டிலில் இருந்து நியூ ஜெர்சியில் இருக்கும் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2,400 மைல். ஸ்டான்ஃபோர்டில் இருந்து பாஸ்டன் அதைவிடத் தூரம். எப்படிச் சேர்த்தாலும் மைல் குறையாது.

‘ஃபுட்பாலை மட்டும் பிரிக்க முடியாது’ என்ற பதிலை நான் பல முறை கேட்டிருக்கிறேன். முடியும். நோட்டர் டேம் ஃபுட்பாலைத் தனியாக வைத்துக்கொண்டு பெரும்பாலான மற்ற ஆட்டங்களை ஏசிசியில் ஆடுகிறது. அதே நோட்டர் டேம் ஆண்கள் ஐஸ் ஹாக்கிக்கு மட்டும் பிக் டென்னில் இருக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் லக்ராஸுக்கு மட்டும் பிக் டென்னில் இருக்கிறது. நீங்கள் போன பிறகு எங்கள் இரண்டு பல்கலைக்கழகங்களும் மற்ற ஆட்டங்களில் பலவற்றை வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் போய் ஆடின. ஒரிகன் ஸ்டேட் பேஸ்பால் அணி 2025இல் எந்தக் கான்ஃபரன்ஸும் இல்லாமல் ஆடி, ஒமாஹாவில் நடக்கும் கல்லூரி உலகத் தொடர்வரை போனது. வீடில்லாத அணி அங்கே வரை போக முடிந்தால், இத்தனை வக்கீல்களும் கணக்கர்களும் இருக்கும் உங்களால் ஒரு சாஃப்ட்பால் அட்டவணை போட முடியாதா?

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். ‘சாம்பியன்களின் கான்ஃபரன்ஸ்’ என்று நீங்கள் எல்லோரும் மார்தட்டிக்கொண்டீர்களே, அந்தப் பெயர் ஃபுட்பாலில் வந்ததா? நீச்சல், வாலிபால், வாட்டர் போலோ, டென்னிஸ், தடகளம். அந்தப் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த பெயர் அது.

தடகளம் என்றதும் ஹென்றி ரோனோ ஞாபகம் வருகிறார். கென்யாவில் இருந்து புல்மனுக்குப் படிக்க வந்தவர். 1978இல் 81 நாளில் நான்கு உலக சாதனைகளை முறியடித்தார். 2025இல் அதே வாஷிங்டன் ஸ்டேட் தடகளத்தில் தாண்டும் எறியும் பிரிவுகளை நிறுத்திவிட்டு நெடுந்தூர ஓட்டத்தில் கவனம் வைக்கப்போவதாக அறிவித்தது. எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் காரணம் என்று சொல்லவில்லை. விளையாட்டு வீரர்களுக்குப் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்று 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட ஏற்பாடு எல்லோர் கணக்கையும் புரட்டிப்போட்டது. முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு 2.05 கோடி டாலர் வரை. ஆடுகிறவர்களுக்குப் பணம் போவது நியாயம்தான், அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் பெரும் ஒளிபரப்பு வருமானம் உள்ளவர்களோடு அது இல்லாதவர்கள் போட்டி போட வேண்டுமானால், ஈட்டி எறிகிற பிள்ளையின் இடத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

எங்களுக்குப் பரிதாபம் காட்டச் சொல்லவில்லை. 2023 நவம்பரில் புல்மன் இருக்கும் விட்மன் கவுண்டியின் நீதிமன்றம் கான்ஃபரன்ஸின் பொறுப்பு மிச்சமிருக்கும் இரண்டு பேருக்குத்தான் என்று சொன்னது. பிறகு சமரசத்தில் நீங்கள் பத்துப் பேரும் சேர்ந்து 6.5 கோடி டாலர் விட்டுக்கொடுத்தீர்கள். 2026இல் பாய்சி ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட் போன்றோரைச் சேர்த்துக்கொண்டு பேக்-12 மறுபடி எழுவதற்கு ஏற்பாடு ஆகிவிட்டது. அதில் கொன்சாகாவும் உண்டு, அவர்களிடம் ஃபுட்பால் அணியே கிடையாது. உங்கள் சாஃப்ட்பாலுக்கும் வாலிபாலுக்கும் ஒரு மேற்குப் பிரிவு வேண்டுமென்றால் உட்கார்ந்து பேச ஆள் இருக்கிறது. பழைய கோபத்தை வைத்துக்கொண்டு யாரும் கதவை அடைக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். என்னிடம் கேட்டால் நான் திறந்துவிடச் சொல்வேன்.

ஆகவே, அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேருங்கள். கூடவே ஃபுட்பால் தவிர்த்த ஒவ்வோர் அணியும் 2024க்கு முன் எத்தனை வகுப்பு நாட்களைத் தவறவிட்டது, அதற்குப் பின் எத்தனை என்ற கணக்கை எடுத்துப் பொதுவில் வையுங்கள். உங்களிடம் அந்தக் கணக்கு இருக்க வேண்டும். ஒரு தாய் ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி வைத்திருக்கிறார்.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது வாஷிங்டன் பல்கலைக்கழகத் தலைவருக்கும் ஆட்சிக்குழுவுக்கும் மட்டும். ஆப்பிள் கோப்பையை 2028 வரை தொடர ஒப்பந்தம் போட்டீர்கள், அதற்கு நன்றி. ஆனால் அது நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் நேரத்து ஆட்டம். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்கு வந்திருக்கும் வாரம். 2024இல் அதைச் செப்டம்பருக்குத் தள்ளி, இரண்டு வளாகத்திலும் இல்லாமல் சியாட்டில் நகரத்து ஸ்டேடியத்தில் நடத்தினீர்கள். நாங்கள் 24-19 என்று ஜெயித்தோம். நான் அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்து பார்த்தேன். அடுத்த ஒப்பந்தம் பேசும்போது நவம்பரைத் திருப்பிக் கேளுங்கள். பிக் டென் அட்டவணையில் இடம் இல்லை என்பார்கள். பதினெட்டு உறுப்பினர்களில் நீங்களும் ஒருவர், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்த அண்ணனும் தம்பியும் இப்போது இருக்கிறார்களோ என்னவோ. அந்தக் கம்பளி செப்டம்பரில் யாருக்கும் தேவைப்படாது.

அன்புடன்,
புல்மனில் படித்த ஒரு தமிழன்