அகழிக்கு எந்தப் பக்கம்

தேன்கனிக்கோட்டை,
மார்கழி 12

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் ஆவணியில் வந்தது. இப்போது மார்கழி. திட்டுவதாக இருந்தால் இந்த வரியோடு திட்டி முடித்துவிடு. மேலே சொல்ல நிறைய இருக்கிறது. இங்கே அனைவரும் நலம். உன் தங்கைக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது, என்மேல் கோபம் குறையவில்லை. அதன் காரணம் கடைசியில் வரும். மாது மாமா இன்னும் சைக்கிள்தான் மிதிக்கிறார். மாங்காய் இந்த ஆண்டு காலை வாரிவிட்டது.

முதலில் உன் பட்டியலுக்கு வருகிறேன். நான்கு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

மகள் வீட்டுக்குப் போனபோது சிங்கப்பூர், மகன் வீட்டுக்குப் போனபோது சான் டியாகோ, அந்தப் பயணத்திலேயே நடுவில் பெர்லின். மூன்று விலங்குக்காட்சிச்சாலைகளைச் சுற்றிப் பார்த்த கையோடு உலகத்துக்கே தரவரிசை போட்டு அனுப்பிவிட்டாய். போனால் போகிறது என்று நான்காவதாக மைசூர். வண்டலூருக்கு இலையே போடவில்லை. 1855இல் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் எட்வர்டு பால்ஃபர் தொடங்கிவைத்தது அது. இடம் மாறி மாறி 1985இல் வண்டலூருக்குப் போய், இன்று 602 ஹெக்டேரில் பரந்து கிடக்கிறது. 1916இல் பிறந்த உன் சான் டியாகோவைவிட 61 வயது மூத்தது. பெரியவருக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

"நீ எத்தனை பார்த்தாய்?" என்று கேட்பாய். மைசூர், வண்டலூர், பன்னேர்கட்டா, ஒகேனக்கல்லில் அந்த முதலைகள். அவ்வளவுதான். மற்றவற்றையெல்லாம் படித்தேன். முப்பது ஆண்டு ஊர் நூலகத்தில் புத்தகத்துக்குத் தூசி தட்டியவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

சிங்கப்பூரை நீ முதலில் வைத்தது எனக்குப் புரிகிறது. 1973இல் திறந்த நாளிலிருந்தே கம்பிக்கூண்டைத் தவிர்த்தவர்கள். 1994இல் இரவுக்கென்றே தனியாக ஒரு விலங்குத் தோட்டம் திறந்தார்கள். உலகில் அதுதான் முதல். டிராமில் போனாய், நிலா வெளிச்சம்போல விளக்கு, நடுவில் ஒரு வேலிகூடக் கண்ணில் படவில்லை என்று இரண்டு பக்கம் உருகியிருந்தாய். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முருகேசா, வேலி தெரியாதது உனக்குத்தானே நிம்மதி? உள்ளே இருப்பதற்கு அது எங்கே இருக்கிறது என்று அங்குலம் அங்குலமாகத் தெரியும். அதே ஊரில் 1990இல் பிறந்த இனூகா என்ற பனிக்கரடி, பூமத்தியரேகைக்குப் பக்கத்திலேயே வளர்ந்து, மூப்படைந்து, 2018இல் செத்தது. இனிப் பனிக்கரடி வேண்டாம் என்று அவர்களே முடிவெடுத்துவிட்டார்கள். தப்பை ஒப்புக்கொண்டதற்காக அரை மதிப்பெண் கூட்டுகிறேன். கரடிக்கு அதனால் என்ன?

பெர்லினுக்கு நீ சொன்ன காரணம், இனங்களின் எண்ணிக்கை. அது நம் தலைமையாசிரியர் நூலகத்துக்கு வந்து புத்தகங்களை எண்ணிவிட்டுப் போவது மாதிரி. எத்தனை பேர் எடுத்துப் படித்தார்கள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நான் அந்தத் தோட்டத்துக்காக மனம் இளகியது வேறு ஒரு எண்ணைப் பார்த்து. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது, மூவாயிரத்துக்கும் மேல் இருந்த விலங்குகளில் 91 மட்டுமே அங்கே உயிரோடு இருந்தன. குண்டு விழும்போது கூண்டுக்குள் இருப்பது எப்படி இருந்திருக்கும் என்று ஓர் இரவு தூக்கம் வராமல் கிடந்தேன்.

எல்லாவற்றையும்விட என்னைக் குழப்பியது நியூயார்க்கின் பிராங்ஸ் தோட்டம். 1906இல் அங்கே குரங்குகள் இருந்த கட்டடத்தில் ஒரு மனிதரைக் காட்சிக்கு வைத்தார்கள். காங்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓட்டா பெங்கா. கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். கறுப்பினப் பாதிரியார்கள் போராடித்தான் அவரை வெளியே கொண்டுவந்தார்கள். பத்து ஆண்டு கழித்து அவர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். சரி, இந்தத் தோட்டத்தைப் பட்டியலிலிருந்தே அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அடுத்த ஆண்டே, 1907இல், அதே தோட்டம் பதினைந்து காட்டெருமைகளை ரயிலில் ஏற்றி ஓக்லஹோமா புல்வெளிக்கு அனுப்பியிருக்கிறது. வெள்ளைக்காரர்கள் கோடிக்கணக்கில் சுட்டுத் தீர்த்த அமெரிக்கக் காட்டெருமை மறுபடி மேய்ச்சல் நிலத்தில் கால் வைத்ததில் அந்தப் பதினைந்துக்கும் பங்கு உண்டு. மனிதனை உள்ளே வைத்த அதே கை மாட்டை வெளியே விட்டிருக்கிறது. இதற்கு எத்தனையாவது இடம் கொடுப்பாய்? நான் கொடுக்கவில்லை. பட்டியலுக்குப் பக்கத்தில் தனியாக எழுதி வைத்திருக்கிறேன்.

அப்போதுதான் எனக்கு அளவுகோல் கிடைத்தது: கதவு வெளிப்பக்கமும் திறக்கிறதா?

அதன்படி உன் சான் டியாகோ தேறிவிடுகிறது, கவலைப்படாதே. கலிபோர்னியாவின் பெரிய பிணந்தின்னிக் கழுகு, காண்டோர், 1987இல் மொத்தமே 27தான் மிச்சம். காட்டில் இருந்த கடைசிப் பறவையையும் அந்த ஆண்டு பிடித்துவிட்டார்கள். சான் டியாகோவிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்தார்கள். குஞ்சு மனிதனைத் தாய் என்று நம்பிவிடக்கூடாது என்பதற்காகக் காண்டோர் தலை மாதிரி செய்த தோல் பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு, முகத்தைக் காட்டாமல் இரை ஊட்டினார்கள். 1992இலிருந்து திரும்ப வானத்தில் விட்டார்கள். இன்று ஐந்நூறைத் தாண்டிவிட்டது. நீ அங்கே போய்ப் பாண்டாவோடு படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாய்.

என் முதலிடம் ஜெர்சி. சிரிக்காதே. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் ஒரு குட்டித் தீவு. ஜெரால்டு டரல் 1959இல் தொடங்கியது. கூட்டம் சேர்க்கும் பெரிய விலங்குகளைத் தேடாமல், அழியப்போகும் சின்னஞ்சிறு உயிர்களுக்காகவே நடத்தினார். சின்னம் என்ன தெரியுமா? டோடோ, செத்தொழிந்த பறவை. 1974இல் மொரீஷியஸ் தீவின் வல்லூறு காட்டில் நாலே நாலு இருந்தது. அங்கே ஜெர்சிக்காரர்களும் கூட்டாளிகளும் செய்த வித்தை நம் பாட்டி அறிந்ததுதான்: முட்டையை எடுத்துவிட்டால் தாய் மறுபடி இடும். எடுத்ததை இவர்கள் பொரித்து வளர்த்தார்கள், தாய் அடுத்த முட்டையை இட்டது. நாலு நூற்றுக்கணக்காக ஆயிற்று. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து போடும் தீவு அது. அந்தப் பாசத்தில் ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போட்டிருக்கலாம், மறுக்கவில்லை.

மைசூரில் எனக்கு நியாயமே கிடையாது. 1892இல் சாமராஜேந்திர உடையார் ஆரம்பித்தது என்று பாடப்புத்தகம் சொல்லும். எனக்கு அது எட்டாம் வகுப்புச் சுற்றுலா, உன் புளியோதரைப் பொட்டலம், அதன்பிறகு நடந்தது. கணக்கு வாத்தியார் அன்று ஓடிய ஓட்டத்தை உலகத்தில் வேறெந்தத் தோட்டத்திலும் பார்க்க முடியாது.

இவ்வளவு நீட்டுகிறேனே, ஏதோ மறைக்கிறேன் என்று உனக்குத் தோன்றியிருக்கும். உண்மைதான். சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

ஹாம்பர்க்கில் ஹாகன்பெக் என்பவர் 1907இல் ஒரு தோட்டம் திறந்தார். கம்பிக்குப் பதிலாக அகழி வெட்டினார். சிங்கத்துக்கும் மக்களுக்கும் நடுவில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். இன்றைய திறந்தவெளித் தோட்டங்களுக்கெல்லாம் அதுதான் பாட்டன். நம் ஊர்க் காட்டோரத்திலும் அதே அகழிதான், யானை வராமல் தடுக்க வெட்டியது. மழையில் கரை சரிந்து, மாடு ஏறி இறங்கி, நம் ராகிக் கொல்லைக்கு நேராக அது இப்போது வெறும் சரிவு. பன்னேர்கட்டாப் பக்கமிருந்து ஐப்பசிக்குமேல் கூட்டம் கூட்டமாக ஜவளகிரிக்கு இறங்கி இந்தப் பக்கம் வரும், உனக்குத் தெரியாததா. போன ஆண்டு பாதிக் கொல்லை போயிற்று. இந்த ஆண்டு கதிர் கனத்துச் சாய்ந்து நின்றது.

நான் ஓசூரில் கம்பி வாங்கினேன், முருகேசா. ஒரு சுருள். மூங்கில் முளை நாற்பது சீவி வைத்தேன். மோட்டார் கொட்டகையிலிருந்து நேராக மின்சாரம்.

மின்வாரியத்தில் கம்பத்தில் ஏறி இறங்கியே முப்பது ஆண்டு கழித்தவன் நீ. இந்த வரியை உனக்கு எழுத எனக்கு நான்கு மாதம் பிடித்ததா, நான்கு நாள் பிடித்ததா என்று நீயே முடிவுசெய்துகொள். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளிப் பக்கம் இப்படி ஒரு கம்பியில் மூன்று யானைகள் செத்துக் கிடந்தன. குட்டிகள் இரண்டும் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தன. அன்று நீ தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசாமலே வைத்தாய். எல்லாம் தெரிந்துதான் வாங்கினேன்.

மனசாட்சி தடுத்தது என்று பொய் சொல்ல மாட்டேன். கம்பி கட்ட வருவதாகச் சொன்ன ஆள் அன்று வரவில்லை. மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டானாம். முளைகள் வரப்பில் கிடந்தன. நான் டார்ச்சும் தகர டப்பாவுமாகப் புளியமரத்துப் பரணில் ஏறினேன்.

இரண்டு மணி இருக்கும். சத்தமே இல்லை. சாணி வாசனைதான் முதலில் வந்தது. ஐந்து பெரியவை, ஒரு குட்டி. தகரத்தைத் தட்டவேண்டும், கை எழவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை. கிழட்டுப் பெட்டை ஒன்று பரணுக்கு இருபதடி தள்ளி நின்று ராகித் தூரைத் துதிக்கையால் சுற்றி வேரோடு பிடுங்கியது. அப்படியே வாயில் போடவில்லை. முன்னங்காலில் இரண்டு தட்டு, வேர் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. பிறகுதான் தின்றது. உன் தங்கை கீரைக்கட்டைத் தட்டுவாளே, அதே தட்டு. குட்டியும் அதைப் பார்த்து ஒரு தூரைப் பிடுங்கி, காலில் தட்டத் தெரியாமல் தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டது. கண்ணில் மண் விழுந்திருக்கவேண்டும், தலையை உதறிக்கொண்டே வரப்புக்கு ஓடி, என் மூங்கில் முளை ஒன்றை நுனித் துதிக்கையால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டது.

சரியாகக் கம்பி வரவேண்டிய இடம்.

காலை ஒன்பது மணிக்கு அந்த ஆள் வந்து நின்றான். "கட்டிடலாமா?" என்றான். அரை நாள் கூலி கொடுத்துச் சாணிக் குழியை அள்ளச் சொன்னேன். சுருளைப் பார்த்துவிட்டு உன் தங்கை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேச ஆரம்பித்தாள், பேசாமலே இருந்திருக்கலாம்.

அரை ஏக்கர் போயிற்று. வனத்துறைக்கு இழப்பீட்டு மனு எழுதி, கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்துக்காக அலைந்துகொண்டிருக்கிறேன். மீதியை நேற்று அறுத்துவிட்டோம். சூரிய மின்வேலி போட்டால் சுரீரென்று இழுத்துவிட்டு விட்டுவிடும், உயிர் போகாது என்கிறார்கள். நாங்கள் நாலு கொல்லைக்காரர்கள் சேர்ந்து விலை விசாரித்திருக்கிறோம். சேருவோமா என்பது வேறு விஷயம். வரப்புத் தகராறே இன்னும் தீரவில்லை.

ஆறு மணி ஆனால் இங்கே தெருவில் ஆள் கிடையாது. கதவை அடைத்து விளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறோம். அவை நேரம் தவறாமல் வந்து, சுற்றிப் பார்த்து, தின்றுவிட்டுப் போகின்றன. ஹாகன்பெக் வெட்டிய அகழிக்கு எந்தப் பக்கம் நான் இருக்கிறேன் என்று பரணில் உட்கார்ந்து யோசித்தேன். சிங்கப்பூரில் நீ டிக்கெட் எடுத்துப் பார்த்த இரவுக்கு நான் கொடுத்தது அரை ஏக்கர் ராகி. எதற்கு எத்தனையாவது இடம் என்று நீயே போட்டு எழுது.

பொங்கலுக்குக் கட்டாயம் வா. அந்தச் சுருள் கொட்டகையிலேயே கிடக்கிறது, அதைத் தொடவே எனக்குப் பிடிக்கவில்லை. நீ எடுத்துக்கொண்டு போ. அப்படியே மோட்டார் பெட்டியையும் ஒரு பார்வை பார். புது ராகியில் களி, அவரைக் குழம்பு உண்டு. வரும்போது புளியோதரை மட்டும் கட்டிக்கொண்டு வராதே. கொல்லையில் குரங்கும் சேர்ந்துவிட்டது.

இப்படிக்கு,
கோவிந்தன்