எழுதுபொருள் வியாபாரிகள் சங்கம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. சந்தா பாக்கியும் வழக்கம்போல் நிற்கிறது. கணக்கைப் பொருளாளர் படிப்பார். நான் சரக்கைப் பற்றிச் சொல்கிறேன்.

செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், ரப்பருக்கு ஜி.எஸ்.டி. இல்லை. ஜியோமெட்ரி பாக்ஸுக்கு 12 சதவீதம் 5 ஆனது. பேனா மட்டும் 18-லேயே இருக்கிறது. ஆனால் வரி போட்டு வாங்கிய கையிருப்பை வரியில்லாமல் விற்றோம்; அதற்காக எடுத்திருந்த உள்ளீட்டு வரியையும், அதாவது வாங்கும்போது கொடுத்த வரிக்கு ஈடாகக் கழித்துக்கொண்ட தொகையையும், திருப்பிக் கட்டினோம். ஜூனில் வாங்கிய நோட்டுக்கு அக்டோபரில் வித்தியாசம் கேட்டு வந்தவர்களும் உண்டு.

விற்காத சரக்கைப் பொதுவில் வைத்துக் கழிக்கலாம் என்ற தீர்மானப்படி, சங்க அறையில் மேசை போட்டோம். கொக்கி துருப்பிடித்த அலுமினியப் புத்தகப்பெட்டி, மை உறிஞ்சும் தாள், காந்தம் வைத்த பென்சில் டப்பா என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. வாசனை ரப்பர் கல்லாக இறுகியிருந்தது. முகர்ந்தால் இன்னும் வாழைப்பழ மணம். காசுக்கு ஒரு பேனா மை ஊற்றிக் கொடுத்த காலத்து ஃபில்லரும் வந்தது. கொண்டுவந்தவர் அதை மட்டும் விற்க மறுத்துவிட்டார்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு, பை, வண்ணப் பென்சில் எல்லாம் அரசே கொடுக்கிறது. அது நல்ல காரியம், அதில் நமக்கு வருத்தம் கூடாது. தனியார் பள்ளிகள் பல உள்ளேயே நோட்டு விற்பதில்தான் வருத்தம். நமக்கு மிஞ்சியவை சார்ட் அட்டை, தெர்மாகோல், பசை, ஜிகினா. காலையில் புராஜெக்ட் கொடுக்க வேண்டும் என்று இரவு ஒன்பதரைக்குப் பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து கேட்கிற அப்பாக்களால்தான் கல்லா நிறைகிறது.

விற்பனை ஏறிய சரக்கு எல்.சி.டி. சிலேட்டு. பொத்தானை அழுத்தினால் எழுத்து மறையும்; பேட்டரி தீர்ந்தால் மறையாது, சண்டைக்கு நம்மிடம் வருகிறார்கள். கல் சிலேட்டை அழிக்கக் கோவை இலையும் கரியும் போதும், அவசரத்துக்கு எச்சில்.

கடைசியாகப் பலப்பம். மேசையில் வேகமாகப் போனது அதுதான். வாங்கியவர்களில் பாதிப்பேர் தின்பதற்கு வாங்குகிறார்கள் என்பது நாம் அறிந்ததே. இனி தின்னக் கேட்டால் விற்காதீர்கள், டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். மீதம் நான்கு பெட்டி சங்க அறையில் இருக்கிறது. விஜயதசமிக்கு வேண்டியவர்கள் பெயர் கொடுக்கலாம், சந்தா பாக்கி இல்லாதவர்களுக்கு முன்னுரிமை.

இப்படிக்கு,
செயலாளர்