பணம் கட்டுவதற்கு முன் இதைப் படி

அன்பு மகள் கயலுக்கு,

நேற்று நீ ஃபோனில் சொன்னதை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. தாடையில் வளரும் முடியை நீ தினமும் கதவைச் சாத்திக்கொண்டு பிடுங்குவது எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். லேசர் செய்துகொள்கிறேன் என்றாய், தாராளமாகச் செய்துகொள். ஆனால் "ஆறு சிட்டிங் பேக்கேஜ், கல்யாணத்துக்குள் ஒரு முடிகூட இருக்காது" என்று அந்த லேசர் கிளினிக்கில் சொன்னார்களாமே, அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

தம்பி பிறந்த பிறகு என் இரண்டு கன்னத்திலும் கறுந்திட்டாக மங்கு விழுந்தது உனக்கு நினைவிருக்கும். அதற்கு நானும் லேசர் செய்துகொண்டேன் என்பதை உன்னிடம் சொன்னதில்லை. இரண்டாவது தடவை போய் வந்த பிறகு சட்டைப் பொத்தான் அளவில் வட்ட வட்டமாகக் கறுத்துப் போனது. அது மறைய இரண்டு வருஷம் ஆனது. மங்குக்கு முதலில் சன்ஸ்கிரீனும் களிம்பும்தான், லேசரால் அது இன்னும் கறுக்கவும் செய்யலாம் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு லேசர் பாடம் நடத்திய நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நீ கேட்க வேண்டும்.

ஆறாம் வகுப்பில் செருப்பறுந்த அன்று தார்ச்சாலையின் ஓரத்து வெள்ளைக் கோட்டிலேயே நடந்து வீடு வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? விஷயம் அதேதான். கறுப்பு வெளிச்சத்தை இழுத்துச் சூடாகிறது. முடிக்கு நிறம் தரும் மெலனின் லேசர் ஒளியை வாங்கிக்கொள்ள, அந்தச் சூட்டில் வேர் கருகுகிறது. எந்த அலைநீளத்தை எவ்வளவு நேரம் பாய்ச்சினால் சுற்றியுள்ள தோல் தப்பும் என்ற கணக்கை 1983-இல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இருவர் எழுதினார்கள். இன்றைய மெஷின்கள் அந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன.

ஆனால் நம் தோலிலும் அதே மெலனின் நிறைய இருக்கிறது. தோலை நிறத்தையும் வெயிலைத் தாங்குவதையும் வைத்து ஆறு வகையாகப் பிரிப்பார்கள். நாமெல்லாம் பெரும்பாலும் நான்கு, ஐந்து. 755 நானோமீட்டர் அலைநீளமுள்ள அலெக்ஸாண்ட்ரைட் லேசர் வெளுத்த தோலுக்கு நன்றாக வேலை செய்யும், நம் தோலில் மேலேயே சுட்டுவிடக்கூடும். 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரை மெலனின் அவ்வளவாக உறிஞ்சாது. அது ஆழமாகவும் இறங்கும், அதனால் நமக்கு அதுதான் பத்திரம். உனக்கு எந்த மெஷின் என்று கேள். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடு.

தாடைக்கு அடியில் ஓரிடத்தில் சோதித்துப் பார்த்து, இரண்டு வாரமாவது பொறுத்த பிறகுதான் மற்ற இடம். மெஷினைக் கையில் பிடிக்கப்போவது யார், தோல் மருத்துவர் கூட இருப்பாரா என்பதையும் கேள். கண்ணுக்குக் கவசம் போடாமல் படுக்காதே.

அந்த ட்வீசரை இன்றே எடுத்து வைத்துவிடு. வேரையே பிடுங்கிவிட்டால் லேசர் எதைச் சுடும்? த்ரெட்டிங்கும் வேண்டாம். ஷேவ் செய்துகொள்ளலாம், அதனால் முடி தடிக்கும் என்று பாட்டி சொல்வது சரியில்லை. வளரும் பருவத்தில் இருக்கும் முடி மட்டுமே லேசருக்கு மசியும், அதனால்தான் நான்கிலிருந்து ஆறு வார இடைவெளியில் பல தடவை போக வேண்டியிருக்கிறது. இப்போது ஆவணி. தை மாதக் கல்யாணத்துக்குள் நான்கு சிட்டிங் முடிந்தால் பெரிது. முடி நன்றாகக் குறையும், முழுக்கப் போகாது. உனக்குப் பி.சி.ஓ.எஸ். என்ற ஹார்மோன் கோளாறு இருக்கிறது. ஹார்மோன் சரியாகாவிட்டால் புது முடி வந்துகொண்டேதான் இருக்கும். சிலருக்கு லேசர் பட்ட இடத்தைச் சுற்றி முடி கூடுவதும் உண்டு. மகப்பேறு மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடாதே கண்ணு.

அப்புறம், பருத் தழும்புக்கும் சேர்த்துச் செய்கிறோம் என்றார்களாமே, அதை மட்டும் கல்யாணத்துக்குப் பிறகு வைத்துக்கொள். அதற்குப் பயன்படும் கார்பன் டை ஆக்சைடு லேசர் வேறு ஜாதி. 10,600 நானோமீட்டர், தோலில் உள்ள தண்ணீர்தான் அதற்கு இலக்கு. ஊசிமுனை போலப் பொடிப்பொடியாகத் துளையிடும், இடையில் விட்ட நல்ல தோல் அதை ஆற்றும். ஒரு வாரமாவது சிவந்து பொருக்குத் தட்டியிருக்கும், நம் நிறத்துக்கு அதற்குப் பிறகு கறுக்கவும் வாய்ப்பு அதிகம். தாலி ஏறும் நாளில் என் பிள்ளை முகத்தில் அந்த வட்டங்களை நான் பார்க்கக் கூடாது.

உன் பழைய ஹார்மோன் ரிப்போர்ட் என் பீரோவில்தான் இருக்கிறது. சனிக்கிழமை மருத்துவரைப் பார்க்க அப்பாயின்ட்மென்ட் வாங்கு. நான் வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கிவிடுகிறேன். சேர்ந்தே போகலாம்.

அன்புடன்,
அம்மா